துர்க்கை சந்நிதியில் போட்ட கல்

2025 ஜூன் 12, வியாழக்கிழமை. வழக்கம்போல் ஐந்தரைக்கு எழுந்தேன். கறிவேப்பிலைச் செடிக்கும் மல்லிகைத் தொட்டிகளுக்கும் தண்ணீர் ஊற்றினேன். தேநீரும் முந்தின நாள் வாங்கிய ரொட்டியில் இரண்டு துண்டும் காலை உணவு. கிள்ளான் நிலையத்துக்கு ரயில் சற்றுத் தாமதமாக வந்தது. தாமதத்தை டைரியில் குறித்து வைப்பது என் வழக்கம். அதனால் யாருக்கும் பயன் இருந்ததில்லை. சுபாங் ஜெயாவில் இறங்கி அலுவலகத்துக்கு நடந்தேன். மழை இல்லை.

என் வேலை கல்லைப் பார்த்து எழுதுவது. பெரிய கட்டடம் எழுப்பும் முன் நிலத்தை ஆழமாகத் துளைத்து, உள்ளிருக்கும் பாறையை உருளை உருளையாக வெளியே எடுப்பார்கள். அந்த உருளைகளை எடுத்த வரிசை மாறாமல் நீளப் பெட்டிகளில் அடுக்கி எங்கள் கூடத்துக்கு அனுப்புவார்கள். தண்ணீர் தெளித்து நிறத்தைப் பார்ப்பேன். உருப்பெருக்கிக் கண்ணாடியில் கல்லின் படிக மணிகளைப் பார்ப்பேன். விரிசல்களை அளப்பேன். கடைசியில் கல்லுக்குப் பெயர் எழுதுவேன். அன்று வந்தவை கோலாலம்பூர் நடுப்பகுதியில் எடுத்த பெட்டிகள். வெள்ளையும் சாம்பலும் கலந்த கல். நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டதும் சீறி நுரைத்தது. சலவைக்கல், அதாவது கடைக்காரர் சொல்லும் மார்பிள். நகரத்தின் பெரும்பகுதி இந்தக் கல்லின் மேல்தான் நிற்கிறது. இரட்டைக் கோபுரங்களை அண்ணாந்து பார்ப்பவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும் என்று சில நாள் நினைப்பதுண்டு.

மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது அக்காவின் அழைப்பு வந்தது.

"ஏம் புள்ள, இன்னைக்குச் சாயந்தரம் கோயில்ல மீட்டிங்கு. என் விளக்க நிறுத்தப் போறாங்களாம்."

"யாரு சொன்னா?"

"செயலாளரே சொன்னாரு. புதுக் கல்லுல வட்ட வட்டமா கறை. என் எண்ணெதான் காரணமாம். நீ கல்லு படிச்சவதானே, வந்து பாத்துட்டு எண்ணெ இல்லன்னு சொல்லு."

"பாத்துட்டு சொல்றேன் அக்கா."

"அதான் லா சொல்றேன். பாத்துட்டு, எண்ணெ இல்லன்னு சொல்லு."

அக்கா உறவுக்காரர் அல்ல. முப்பது வருடங்களுக்கு முன் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரர். இப்போது கிள்ளானில் எங்களுக்குப் பக்கத்துத் தாமானில், அதாவது குடியிருப்பில், இருக்கிறார். அங்குள்ள சிறிய அம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமை தோறும் ராகு காலத்தில் துர்க்கைக்கு எலுமிச்சை விளக்கு ஏற்றுவது அவர் ஏற்றுக்கொண்ட வேலை. தமக்கு மட்டும் ஏற்றுவதில்லை. வேலைக்குப் போகும் பெண்கள் முதல் நாளே சொல்லி வைப்பார்கள். ஒருத்தி மகள் கல்யாணத்துக்காக, ஒருத்தி கணவர் அறுவை சிகிச்சைக்காக. யாருக்கு எந்த விளக்கு என்பதை மனத்திலேயே வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் அவரவர் பெயர் சொல்லி ஏற்றுவார். அக்காவின் கணவர் இறந்த பிறகு அவருடைய வாரம் வெள்ளியில் தொடங்கி வெள்ளியில் முடிந்தது. அதை நிறுத்தினால் அவருக்கு என்ன மிஞ்சும் என்று எனக்குத் தெரியும்.

பிற்பகல் முழுக்க உருளைகளை அளந்துகொண்டிருந்தேன். மனம் பிரிக்பீல்ட்ஸ் போய்விட்டது.

அது ரயில்வே குவார்ட்டர்ஸ். முன்னால் ஓர் அறை, உள்ளே ஓர் அறை, பின்னால் நீளமான அடுப்படி. அக்காவின் கணவர் ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்தார். உள்ளறையை எனக்கும் இன்னொரு மாணவிக்கும் விட்டிருந்தார்கள். ரயில் போகும்போது அடுப்படி அலமாரியில் பித்தளைத் தம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போடும். சாயங்காலம் பூக்கடைகளில் தண்ணீர் தெளிக்கும் வாசனையும் வறுத்த கடலை வாசனையும் சேர்ந்து வரும். நான் பல்கலைக்கழகத்தில் நிலவியல் படித்தேன். வாரக் கடைசிகளில் பேராசிரியர் எங்களை வேனில் ஏற்றிக்கொண்டு போவார். உலு கிள்ளான் பக்கத்துச் சரிவுகள், பங்சாரில் வீடு கட்ட வெட்டிய மேடுகள், பத்துமலைக்கு அப்பால் உள்ள குவாரிகள். சுத்தியலால் உடைத்த துண்டுகளைப் பையில் போட்டுச் சுமந்து வருவேன். கழுவி, வெள்ளை மையால் எண் எழுதி, அக்காவின் அடுப்படி ஜன்னல் விளிம்பில் வரிசையாகக் காய வைப்பேன்.

"காலேஜுல சோறு போடாம கல்லா போடறாங்க?" என்று அக்கா முதல் நாளே கேட்டார். அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். ஆனாலும் ஒவ்வொரு கல்லையும் கையில் எடுத்துப் பார்த்து, இது என்ன, இது எங்கே கிடைத்தது என்று கேட்காமல் விடமாட்டார். அவருக்குச் சொல்லிச் சொல்லித்தான் உருமாறிய பாறைகள் எனக்கே புரிந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நன்றாக நினைவிருக்கிறது. அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் ஜன்னல் விளிம்பில் கற்களை மாற்றி மாற்றி அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"எதுக்கு இந்த அடுக்கு? நேத்துதானே அடுக்குன?"

"வகை பிரிக்கிறேன் அக்கா. எல்லாமே முன்ன வேற கல்லா இருந்தது. பூமிக்குள்ள ஆழமாப் போயி, சூடும் அழுத்தமும் பட்டு மாறினது."

"உருகிடுச்சா?"

"உருகினா அது வேற வகை. இது உருகாம, கெட்டியா இருக்கறப்பவே உள்ளுக்குள்ள மாறணும். பழைய மணியெல்லாம் போயி புது மணி வளரும்."

அக்கா கீரைக் காம்பைக் கிள்ளியபடியே யோசித்தார். "அப்ப இட்லி மாதிரி. மாவு உருகறதில்ல. ஆனா வெந்து எறக்குனா மாவும் இல்ல."

"இட்லிக்கு அழுத்தம் பத்தாதுக்கா."

"என் இட்லிய சொல்றியா, என் மாமியா இட்லிய சொல்றியா?"

சிரித்து முடித்தபின் வரிசையை அவருக்குக் காட்டினேன். ஒரு பக்கம் சேறாகத் தொடங்கிய கற்கள். கடலடியில் படிந்த சேறு இறுகிக் களிப்பாறை ஆகும். அது இலேசாக மாறினால் பலகை பலகையாகப் பிளக்கும் சிலேட்டு. இன்னும் கொஞ்சம் மாறினால் பட்டுத்துணிபோல் மினுங்கும் ஃபில்லைட். அதற்கும் மேல் மாறினால், கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு அபிரகச் செதில்கள் வளர்ந்து சிஸ்ட் ஆகும். கடைசியில் கறுப்பும் வெளுப்பும் பட்டை பட்டையாகப் பிரிந்த நைஸ். கிரானைட்டும் அப்படி நசுங்கினால் நைஸ் ஆகும். இவற்றிலெல்லாம் அடுக்கு தெரியும். ஒரே திசையில் அழுத்தம் விழுவதால் தட்டையான மணிகள் எல்லாம் அதற்குக் குறுக்காகப் படுத்துக்கொள்கின்றன. மறு பக்கம் அடுக்கே இல்லாத கற்கள். மணற்பாறையிலிருந்து வந்த குவார்ட்சைட், சுண்ணாம்புப்பாறையிலிருந்து வந்த சலவைக்கல். இவற்றின் மணிகள் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி. படுக்கவைக்கத் தட்டையான மணி உள்ளே இல்லை. ஆக, கல்லைக் கையில் எடுத்ததும் கேட்க வேண்டியவை: அடுக்கு உண்டா, இதற்கு முன் என்னவாக இருந்தது, எவ்வளவு தூரம் வெந்தது.

சூடு எங்கிருந்து வருகிறது என்று அக்கா கேட்டார். இரண்டு வழி உண்டு என்றேன். மலைத்தொடர் எழும்போது பெரும் பரப்பே நசுங்கிச் சூடாகும். அல்லது கீழிருந்து கிரானைட் குழம்பு ஏறி வந்து, தன்னைத் தொட்ட கல்லை மட்டும் வேக வைக்கும். நம் ஊரில் இரண்டும் நடந்திருக்கிறது. "அப்ப நம்ம அடுப்படிக்குக் கீழ என்னா இருக்கு?" என்றார். தெரியவில்லை என்றேன்.

பல வருடம் கழித்துத் தெரிந்தது. குவார்ட்டர்ஸை இடித்துவிட்டு அந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம் எழுப்பத் துளைத்தபோது, பெட்டிகள் என் மேசைக்கே வந்தன. ஃபில்லைட். மேலே சிதைந்து செம்மண்ணாகி, கீழே போகப் போகச் சாம்பல் மினுக்கம். இட எண்ணை வரைபடத்தில் பார்த்தேன். ஏறக்குறைய அடுப்படி இருந்த இடம். அன்றைக்குப் பெயர் எழுத வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டேன்.

அக்காவால் எனக்கு ஒரு கல் கெட்டதும் உண்டு. குவாரிக்காரர் கொடுத்த பாலிஷ் போட்ட சலவைக்கல் துண்டு, தேர்வுக்குக் காட்ட வைத்திருந்தது. அதன் மேல் குழம்பு தெறித்துவிட்டதாம். அக்கா பதறிப்போய்ப் புளி வைத்துத் தேய்த்தார். பித்தளை விளக்கைத் தேய்ப்பதுபோல, சும்மா இல்லை, நன்றாகவே தேய்த்தார். மறுநாள் கல் சுண்ணாம்புச் சுவர்போல வெளுத்திருந்தது. புளிப்பு பட்டால் சலவைக்கல் கரையும் என்று நான் கத்தினேன். "புளியில வெளுக்காத பொருள இப்பதான் பாக்கறேன்" என்றார் அக்கா. பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் என் தட்டில் இரண்டு முட்டை இருந்தது.

சாயங்காலம் கிள்ளானில் இறங்கி, நிலையத்தில் நிறுத்தியிருந்த காரில் நேரே கோயிலுக்குப் போனேன். துர்க்கை சந்நிதி முன்னால் சித்திரையில் போட்ட புதுத் தளம். கறுஞ்சாம்பல் நிறம், முகம் பார்க்கும் பளபளப்பு, ஊடே மெல்லிய வெள்ளைக் கோடுகள். ஓரத்தில் "தாயார் நினைவாக உபயம்" என்று பொறித்திருந்தது. கோயில் தலைவர் தம் அம்மாவுக்காகப் போட்டது. எங்கள் கோயில்களில் சந்நிதித் தளம் என்றால் கிரானைட்தான் கேட்பார்கள். கறுப்பாக, வழவழப்பாக இருந்தால் அது கிரானைட் என்று எடுத்துக்கொள்வார்கள். கடைக்காரரும் மறுத்துச் சொல்வதில்லை.

குனிந்து கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்தேன். வட்டங்கள் தெரிந்தன. எலுமிச்சம்பழத்தைப் பாதியாக வெட்டிச் சாறு பிழிந்து, மூடியை உள்வெளியாகத் திருப்பி, கிண்ணமான தோலில் எண்ணெய் விட்டு ஏற்றுவது வழக்கம். திருப்பும்போது ஈரச் சதை வெளியே வந்து தரையில் உட்காரும். ஒவ்வொரு விளக்கும் உட்கார்ந்த இடத்தில் ஒரு மங்கல் வட்டம். வட்டங்களைச் சுற்றி, தேய்த்த துணி போன வழியெல்லாம் இன்னும் பெரிய மங்கல்.

உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். சர்க்கரைக் கட்டியை உடைத்ததுபோல ஒன்றோடொன்று பிணைந்த மணிகள். கிரானைட்டில் இருக்கவேண்டிய குவார்ட்ஸ் இல்லை, அபிரகம் இல்லை.

அக்கா பின்னால் வந்து நின்றார். "என்னா புள்ள?"

"அக்கா, கறைய எதுவும் வச்சித் தேய்ச்சீங்களா?"

"தேய்க்காம? போன வாரம் புளி. முந்தின வாரம் எலுமிச்சந்தோலு."

கைவிளக்கை அணைத்துவிட்டு எழுந்தேன். என் முகத்தைப் பார்த்து அவருக்கே பாதி புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

கூட்டம் பின்கூடத்தில். பிளாஸ்டிக் நாற்காலிகள், பெரிய கூஜாவில் தேநீர். தலைவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர்; குரல் இன்னும் கிரேன் மேலிருந்து பேசும் குரல்தான்.

"நீ சொல்லும்மா. எண்ணெயா இல்லையா?"

"இந்தக் கல்லுல மிச்சத் துண்டு இருக்குங்களா தலைவரே? ஒரு எலுமிச்சம்பழமும் வேணும்."

செயலாளர் ஸ்டோரிலிருந்து ஒரு துண்டை எடுத்து வந்தார். பழத்தை நானே பிழியாமல் தலைவரிடம் கொடுத்தேன். அவர் ஒரு மாதிரியாக என்னைப் பார்த்துவிட்டு, பளபளத்த பக்கத்தில் சில சொட்டுப் பிழிந்தார். தேநீர் குடித்து முடிக்கும்வரை காத்திருக்கச் சொன்னேன். முடிந்ததும் அவரே துணியால் துடைத்தார். விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சொட்டு விழுந்த இடங்கள் எல்லாம் மங்கிப்போயிருந்தன.

"எண்ணெய் இல்லைங்க," என்றேன். "எலுமிச்சம்பழம். அப்புறம் புளி."

"அப்ப அக்கா வெளக்குதான்."

"ஆமாங்க."

அக்கா நாற்காலியோடு என் பக்கம் திரும்பினார்.

"இன்னும் முடிக்கல தலைவரே. இது கிரானைட் இல்ல, மார்பிள். கிரானைட்டா இருந்தா புளிப்பு ஒன்னும் பண்ணியிருக்காது. இந்தக் கல்லுக்கு யார் எலுமிச்சம்பழம் வச்சாலும் இப்படித்தான் ஆகும். தயிர் சிந்துனாலும் ஆகும்."

அதற்குள் அக்கா எழுந்துவிட்டார். "மார்பிள்னு யாராச்சும் சொன்னீங்களா? கிரானைட்டு கிரானைட்டுன்னு மைக்குல நீங்கதானே சொன்னீங்க? மார்பிள்னு தெரிஞ்சா புளி வச்சித் தேய்ப்பனா நானு? இந்தப் புள்ளயோட மார்பிள அப்பவே தேய்ச்சிக் கெடுத்து ஏச்சு வாங்குனவ!"

"ஓ, அக்கா பழைய கேஸு லா!" என்றார் செயலாளர். இரண்டு பேர் சிரித்தார்கள்.

தலைவர் சிரிக்கவில்லை. துண்டை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். "அம்மாவுக்குன்னு போட்டது," என்றார், குரல் இறங்கி. "ஏமாத்திட்டானா என்னய?"

"கடைக்காரருக்குத் தெரிஞ்சுதான் குடுத்தாரான்னு எனக்குத் தெரியாதுங்க. ஆனா இது மட்டமான கல்லு இல்ல."

"பின்ன?"

அக்காவின் அடுப்படியில் சொன்னதைப்போலவே அவருக்கும் சொன்னேன். இது ஒரு காலத்தில் கடலடிச் சேறு. சிப்பியும் சங்கும் பொடியாகிப் படிந்த சுண்ணாம்புச் சேறு. கறுப்பு அதில் மக்கிப்போன உயிர்களின் கரி. மேலே மேலே பாரம் ஏறி, ஆழத்தில் வெந்து, சிப்பி இருந்த தடம் அழிந்து இந்த மணிகள் வளர்ந்தன. விரிசல் விட்ட இடங்களில் வெள்ளைக் கோடு ஓடியது. ஒருமுறைகூட உருகவில்லை. புளிப்பை மட்டும் தாங்காது.

தலைவர் கட்டைவிரலால் வெள்ளைக் கோட்டைத் தடவினார். "எங்கம்மாவுக்கும் புளிப்பு ஆகாது," என்றார். "ரசமே குடிக்க மாட்டாங்க." இப்போது எல்லோரும் சிரித்தார்கள், அவரும்.

பிறகு வேலைப் பேச்சு. பாலிஷ் போட்டால் வட்டங்கள் போய்விடுமா என்று கேட்டார். போகும் என்றேன். தயிர் கலந்த அபிஷேகத் தண்ணீர் அந்தப் பக்கம் வருவதில்லை, பின்பக்கமே ஓடிவிடுகிறது என்று செயலாளர் சொன்னார். தலைவர் எழுந்தார்.

"கல்ல எடுக்க வேணாம். அக்கா வெளக்கயும் நிறுத்த வேணாம். ஆனா இதுக்கு மேல வைக்கக் கூடாது. வேற ஒரு கல்லப் போட்டு அது மேல ஏத்திக்கட்டும். எந்தக் கல்லுன்னு நீயே பாத்துச் சொல்லும்மா. கடைக்காரனக் கேக்கற வேலை இனிமே இல்ல."

அக்காவை வீட்டில் இறக்கிவிடக் காரில் ஏற்றிக்கொண்டேன். சிக்னலில் நின்றதும் என் பக்கம் திரும்பினார்.

"நீ ஆமாங்கன்னு சொன்னப்ப எனக்கு நெஞ்சு அடைச்சிப்போச்சு."

"பாத்துட்டு சொல்றேன்னுதானே அக்கா சொன்னேன்."

"முழுசையும் மொதல்லயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே. நடுவுல எதுக்கு நிறுத்துன?" என்றவர், கொஞ்ச தூரம் போனதும் வேறு கவலைக்கு வந்துவிட்டார். "நாளைக்கே வெள்ளி. பழமெல்லாம் வாங்கிட்டேன். எந்தக் கல்லுல வைப்பேன்?"

"எங்க வீட்டு கிச்சன் டாப் போட்டப்ப மிஞ்சின துண்டு ஒன்னு இருக்கு. காலையில கொண்டுவரேன்."

"அது என்னா கல்லு?"

"கடையில கிரானைட்டுன்னாங்க. பட்டை பட்டையா இருக்கும். நைஸ்."

"அதுவும் வெந்ததா?"

"இதைவிட நல்லா வெந்தது. அதுல சுண்ணாம்பு இல்லக்கா. புளிப்பு ஒன்னும் பண்ணாது."

"நீ ஊத்திப் பாத்தியா?"

"இல்ல. தெரியும்."

"கிரானைட்டுன்னு தலைவருக்கும்தான் தெரிஞ்சிருந்திச்சு. ஊத்திப் பாத்துட்டு எடுத்துட்டு வா."

அலுவலகத்துக்கு அரை நாள் விடுப்புச் செய்தி அனுப்பிவிட்டுப் படுத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை எழுந்ததும் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றவில்லை, தேநீர் போடவில்லை. சலவை இயந்திரத்துக்குப் பின்னால் சாத்தி வைத்திருந்த கல்லை வெளியே இழுத்து, தூசியைத் துடைத்து, வாசல் வெளிச்சத்தில் படுக்கவைத்தேன். ஒரு எலுமிச்சம்பழத்தை வெட்டி, கறுப்புப் பட்டைமேல் பாதியும் வெள்ளைப் பட்டைமேல் பாதியும் பிழிந்தேன்.